பல்லு இருக்கிறவன் மட்டும்தான் கடலைமிட்டாய் திங்கணுமா?

"பல்லு இருக்கிறவன் பக்கோடா திம்பான்"னு ஒரு சொலவடை இருக்கு. அடுத்தவன் நல்லா இருக்கறதப் பாத்து வயிறு எரியாதேன்னு சொல்றதுக்கு நம்மாளுங்க எடுத்து விடுறது. எனக்கு இந்த சொலவடை மேல ரொம்ப நாளா ஒரு கடுப்பு. பல்லு இருக்கிறவன் திம்பான், சரி. பல்லு இல்லாதவன் என்னய்யா பண்ணுவான்? அதப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. அவன் வாயப் பொத்திக்கிட்டு வேடிக்கை பாக்கணும், அவ்வளவுதான்.

சொந்த ஊரு கோவில்பட்டி. எங்களுக்கு பக்கோடாவ விட கடலைமிட்டாய்தான் முக்கியம்னு உங்களுக்கே தெரியும். 2020ல புவிசார் குறியீடு வேற வாங்கியாச்சு. கரிசக்காட்டு நெலக்கடலை, வெல்லப்பாகு, மேல கலர் தேங்காய்ப்பூ. இது போக பக்கத்து சாத்தூர் காராச்சேவு, முறுக்கு, தை மாசமானா பனங்கிழங்கு, கரும்பு. மழை பெய்யாத மண்ணுல வெளையறது எதுவும் மெத்து மெத்துன்னு இருக்காது மக்கா. எங்க ஊரு தீனி எல்லாம் கடைவாய்ப் பல்லு கேக்குற தீனி.

அப்படிப்பட்ட ஊர்ல கடைவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தையாச்சுன்னா என்ன நடக்கும்? "புடுங்கிப் போடு, சவத்த"ன்னு சொல்லிருவாங்க. புடுங்கியும் போட்டுருவாங்க.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம்தான். பல்லப் புடுங்குறது நம்ம ஊர்ல ஏறக்குறைய இலவசம். அதே பல்லக் காப்பாத்தி மேல ஒரு கேப் போடுறதுக்குக் கைக்காசு பல ஆயிரம் போகுது. கணக்கு தலைகீழா இருக்கு. இப்படி இருக்கறதுக்குக் காரணம், கேப்பும் பிரிட்ஜும் "அழகு சமாச்சாரம்"னு எல்லாரும் முடிவு பண்ணி வச்சிருக்கறதுதான். நான் சொல்றேன், அது அழகு இல்ல, சாப்பாடு.

(டிஸ்கி: நான் பல் டாக்டர் கிடையாது. பெங்களூர்ல பொட்டி தட்டுறவன். வீட்டுல ரெண்டு மூணு பேருக்கு இந்த வேலை நடந்தப்ப கூட அலைஞ்சதுல கேட்டதும் படிச்சதும்தான் கீழ இருக்கு. உங்க பல்லுக்கு உங்க டாக்டர்தான் பேசணும்.)

மொதல்ல, கேப்னா என்ன?

பல்லோட மேல் ஓடு, எனாமல், நம்ம உடம்புலயே ரொம்ப கெட்டியான பொருள். எலும்பு ஒடைஞ்சா கூடும், தோல் கிழிஞ்சா மூடும். எனாமல் போனா போனதுதான், திரும்ப வளராது. பேக்கப் இல்லாத சர்வர் மாதிரி :-)

சொத்தை உள்ள நரம்பு வரைக்கும் போயிருச்சுன்னா வேர் சிகிச்சை பண்ணி, உள்ள இருக்குற அழுகுன நரம்ப எடுத்துட்டு, அந்த ஓட்டைய அடைச்சு விடுறாங்க. வலி போயிரும். நம்மாளு "சரியாப் போச்சு"ன்னு கெளம்பிருவான். ஆனா பாதிக் கதைதான் முடிஞ்சிருக்கு. சொத்தையும் தின்னு, டாக்டரும் வழி உண்டாக்கத் தோண்டி, அந்தப் பல்லு இப்ப சுத்துச் சுவரு மட்டும் நிக்கிற காரை வீடு மாதிரி. கடைவாயில பலமாக் கடிச்சா ஐம்பது அறுபது கிலோ எடை அளவுக்கு அழுத்தம் விழும். ஒரு நாள் கடலைமிட்டாய்ல "டக்"குனு ஒரு சத்தம். சுவரு செங்குத்தா வேர் வரைக்கும் பொளந்துச்சுன்னா அதுக்கப்புறம் புடுங்குறதத் தவிர வழியில்ல. வேர் சிகிச்சைக்குக் குடுத்த காசும் போச்சு, பல்லும் போச்சு.

அது நடக்காம இருக்கத்தான் கேப். பல்லச் சுத்தி ஒண்ணு, ஒன்றரை, ரெண்டு மில்லிமீட்டர் செதுக்கி, அச்சு எடுத்து லேபுக்கு அனுப்பி, அந்தப் பல்லுக்கு மட்டுமே பொருந்துற மாதிரி ஒரு தொப்பி செஞ்சு, சிமெண்ட் வச்சு ஒட்டுறது. வண்டிச் சக்கரத்துக்கு ஆசாரி இரும்புப் பட்டா போடுறாருல்ல, மரம் பொளந்துறாம இருக்க? அதே வேலைதான். அந்தப் பட்டாவ யாராவது அழகுக்குன்னு சொல்லுவாங்களா?

அடுத்து பாலம்

பல்லு ஏற்கனவே போயிருச்சு, அந்த எடம் காலியா இருக்கு. அப்ப ரெண்டு பக்கமும் இருக்குற பல்லுகளச் செதுக்கி, அதுக மேல ரெண்டு கேப்ப மாட்டி, நடுவுல ஒரு போலிப் பல்லத் தொங்க விடுறது. இதான் பிரிட்ஜ். பேருக்கேத்த மாதிரி பாலமேதான்.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு ஒரு குஷியான விஷயம். காலேஜ்ல பீம் கணக்கு போட்டது ஞாபகம் இருக்கா? ரெண்டு முனையில தாங்குன உத்தரத்தோட நடுவுல எடை வச்சா, அது வளையுற அளவு நீளத்தோட மும்மடி. பல் மருத்துவப் பாடத்துலயும் அதே விதிதான் வருது. ஒரு பல்லு காலியா இருக்குற எடத்துல போடுற பாலம் 1 பங்கு வளைஞ்சா, ரெண்டு பல்லு காலியா இருக்குற எடத்துல 8 பங்கு. மூணு பல்லுன்னா 27 பங்கு. தடிமனப் பாதியாக் கொறைச்சாலும் அதே 8 பங்குதான். அதனாலதான் "நாலு பல்லு போச்சு, அப்படியே ஒரே பாலமாப் போட்டு விடுங்க டாக்டர்"னு நாம கேட்டா நல்ல டாக்டர் தயங்குறாரு. இர்வின் ஆண்டேன்னு ஒருத்தர் 1926லயே ஒரு கணக்கு சொல்லியிருக்காரு. தாங்குற பல்லுகளோட வேர்ப் பரப்பு, போன பல்லுகளோட வேர்ப் பரப்புக்குக் கொறையக் கூடாதுன்னு. பில்லரு வீக்கா இருந்தா மேல எம்புட்டு நல்ல ஸ்லாப் போட்டும் பிரயோஜனம் இல்ல.

பாலத்துல இன்னொரு சிக்கல். ஒரு போன பல்லுக்காக, ஒரு பாவமும் பண்ணாத ரெண்டு நல்ல பல்லச் செதுக்கணும். எனாமல் திரும்ப வளராதுன்னு மேல சொன்னேன்ல. அதனால பாலம்ங்கிறது கடன் மாதிரி. தேவைன்னா வாங்கலாம், வட்டி தெரிஞ்சு வாங்கணும்.

இதுக்கு மாத்து இம்ப்ளாண்ட். தாடை எலும்புல டைட்டானிய திருகு ஒண்ண எறக்கி, அது மேல பல்லு. சுவீடன்ல பிரானெமார்க்னு ஒரு டாக்டர் 1965ல மொத மொதல்ல மனுசனுக்கு வச்சாரு. பக்கத்துப் பல்லத் தொட வேண்டாம். ஆனா வெலையக் கேட்டா இருக்குற பல்லும் ஆட்டம் குடுக்கும்.

சிற்பி செஞ்ச வேலை, இப்ப நம்ம பொழப்பு

லோகத்துல கேப் செய்யுறது எப்படின்னு தேடுனப்ப எனக்கு ஆச்சரியமாப் போச்சு. மெழுகுல பல்லு மாதிரி செஞ்சு, அதச் சுத்தி மாவு மாதிரி ஒரு கலவைய ஊத்தி இறுக விட்டு, சூடு காட்டி மெழுக உருக்கி ஓட விட்டு, அந்தக் காலி எடத்துல உருக்குன லோகத்த ஊத்துறது. இத எங்கயோ கேட்ட மாதிரி இல்ல? சுவாமிமலை ஸ்தபதி நடராஜர் சிலை வார்க்குற அதே மெழுகு வார்ப்பு முறை! சோழர் காலத்துலருந்து நம்மகிட்ட இருக்குற வித்தை. பல் வைத்தியத்துக்கு அத 1907ல அமெரிக்காவுல வில்லியம் டாகர்ட் பரவலாக்குனாரு. பீங்கான் கேப்புக்கு முன்னோடி டெட்ராய்ட் ஊரு சார்லஸ் லேண்ட். இவரோட மக வயித்துப் பேரன்தான் 1927ல தனியாளா அட்லாண்டிக்கப் பறந்து தாண்டுன லிண்ட்பெர்க். சும்மா ஒரு பொது அறிவுக்கு :-)

இன்னைக்கு மேட்டரு நம்ம பக்கம் வந்துருச்சு. சூரிச்ல 1985லயே கேமரா வச்சுப் பல்லப் படம் புடிச்சு, கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணி, மிஷின்ல கடைஞ்சு அடைப்பு செஞ்சு காட்டிட்டாங்க. இப்ப வர்ற ஜிர்கோனியா கேப் எல்லாம் அந்த வழிதான். அதுல ஒரு சுவாரஸ்யம், ஜிர்கோனியாவ சாக்பீஸ் பதத்துல கடைஞ்சு அப்புறம் சுமார் 1500 டிகிரி சூட்டுல சூளை வைக்கிறாங்க. அப்ப அது 20, 25 சதவீதம் சுருங்கும். அதனால சாப்ட்வேர் மொதல்லயே அந்தக் கணக்குக்குப் பெருசாக்கி டிசைன் பண்ணணும். எவனோ ஒரு புரோகிராமர் எழுதுன அந்தப் பெருக்கல்ல தப்பு வந்தா ஒருத்தர் வாயில கேப் ஒக்காராது. நாம எழுதுற கோடுக்கெல்லாம் இப்படி நேரடியா வாயில போய் நிக்கிற பொறுப்பு இருந்தா டெஸ்டிங் ஒழுங்காப் பண்ணுவோமோ என்னவோ.

ஆக, வெலை வித்தியாசம் இப்படி வருது. வெறும் லோகக் கேப் (நிக்கல்-குரோமியம், கோபால்ட்-குரோமியம்) இருக்கறதுலயே மலிவு, ரொம்ப உறுதி, பாக்க வெள்ளி மாதிரி இருக்கும். நிக்கல் அலர்ஜி உள்ளவங்க மட்டும் முன்னாடியே சொல்லிரணும். அதுக்கு அடுத்து, உள்ள லோகம் மேல பீங்கான். பாக்கப் பல்லு மாதிரி, ஆனா பீங்கான் சில நேரம் சில்லு விடும். மேல ஜிர்கோனியா, வெலை பல மடங்கு. சிரிச்சாலும் தெரியாத கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு லோகக் கேப்பே தாராளமாப் போதும். இத எத்தன எடத்துல வாய் தெறந்து சொல்றாங்க? "பதினஞ்சு வருச வாரண்டி கார்டு சார்"னுதான் ஆரம்பிக்கிறாங்க. அந்த வாரண்டி கேப்போட பொருளுக்கு. கேப்போட ஓரத்துல உங்க பல்லு மறுபடி சொத்தையானா எந்தக் கார்டும் வராது.

பெரியம்மா கணக்கு

எங்க பெரியம்மா முப்பது வருசம் தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்குனவங்க. நாப்பது வயசுல கீழ்த்தாடையில ஒரு கடைவாய்ப் பல்லு வலி. போனாங்க, புடுங்கிட்டு வந்தாங்க. ரெண்டு வருசம் கழிச்சு பக்கத்துல இன்னொண்ணு. அதையும் புடுங்கியாச்சு. அவங்களக் குத்தம் சொல்ல முடியாது. காப்பாத்துற வழிக்கு நாலஞ்சு தடவ வரணும், வர்ற நாளெல்லாம் கூலி போகும். புடுங்குனா ஒரே நாள்.

நூறு நாள் வேலைக்கு 2025-26ல தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச கூலி ஒரு நாளைக்கு 336 ரூபா. வேர் சிகிச்சை, கேப் எல்லாம் சேத்து ஒரு பல்லுக்கு 6,000 ரூபா ஆகுதுன்னு வச்சுக்குங்க. 18 நாள் கூலி. ஒரு பல்லுக்கு! யாரு போடுவா?

நான் வேலைக்குப் போய் கையில காசு வந்ததும் "வாங்க பெரியம்மா, பிரிட்ஜ் போட்டுரலாம்"னு கூட்டிட்டுப் போனேன். டாக்டர் பாத்துட்டு ஒதட்டப் பிதுக்குனாரு. பல்லு போன எடம் சும்மா இருக்காதாம். பக்கத்துப் பல்லு அந்தப் பள்ளத்துல சாயும். மேல்த்தாடைப் பல்லு, எதிர்ல தாங்க ஆள் இல்லாததால கீழ எறங்கும். பதினஞ்சு வருசத்துல ரெண்டும் நடந்திருந்துச்சு. போட வேண்டிய எடத்துல எடமே இல்ல. கடைசியா கழட்டி மாட்டுற செட்டு ஒண்ணு செஞ்சு குடுத்தாங்க. அது இப்ப சாமி படத்துக்குக் கீழ டம்ளர் தண்ணியில கெடக்கு. "இனி எனக்கு எதுக்குய்யா பல்லு? பேரன் பேத்தி எடுத்தாச்சு. கஞ்சியக் குடிச்சிட்டுக் கெடக்கேன்"னு சொல்றாங்க. அவங்களுக்கு வயசு அம்பத்தஞ்சுதான்.

நொறுங்கத் தின்றால் நூறு வயசுன்னு சொன்ன ஊருதான இது? நொறுக்குறதுக்குப் பல்லு வேணும்ல?

பல்லு போனா மொதல்ல கொறையறது கடலை, பயறு, காய், பழம். கூடுறது கஞ்சி, இட்லி, டீயில முக்குன பன்னு. சத்துள்ளது போய் மாவு மட்டும் மிஞ்சும். சக்கரை வியாதி வீட்டுக்கு வீடு இருக்குற காலத்துல இது வாய்ப் பிரச்சினையோட நிக்குமா?

யாரு என்ன தர்றாங்க?

எங்க ஆபீஸ் இன்சூரன்ஸ்ல கேட்டுப் பாத்தேன். விபத்துல அடிபட்டு ஆஸ்பத்திரியில சேந்தாத்தான் பல்லுக்கு உண்டு, மத்தபடி கெடையாதுன்னு பதில். பெரும்பாலான பாலிசிகள்ல இதான் விதி. காலு மூட்டத் தூக்கிட்டு வேற மூட்டு வச்சா லட்சக்கணக்குல தர்றவன், பல்லுன்னா மட்டும் "அழகு"ன்னு மொகத்தத் திருப்பிக்கிறான். மூட்டும் பல்லும் உடம்புலதானய்யா இருக்கு?

அரசாங்கப் பக்கம் பாத்தா, அரசு ஆஸ்பத்திரிகள்ல பல் பிரிவு இருக்கு. குத்தமே சொல்ல மாட்டேன், கூட்டத்த வச்சுப் பாத்தா அவங்க பண்றது பெரிய வேலை. பல் எடுக்குறது, அடைக்கிறது, சுத்தம் பண்றது, சில எடத்துல வேர் சிகிச்சையும். ஆனா கேப், பிரிட்ஜுன்னா லேப் வேணும், லேப் டெக்னீசியன் வேணும். அது பெரும்பாலும் பல் மருத்துவக் கல்லூரியிலதான் இருக்கும். தமிழ்நாட்டுல அரசு பல் மருத்துவக் கல்லூரின்னா சென்னை, சிதம்பரம், அப்புறம் 2023ல தொறந்த புதுக்கோட்டை. மதுரைக்குத் தெக்க ஒண்ணு கூட இல்ல. கோவில்பட்டியிலருந்து புதுக்கோட்டைக்கு சுமார் 200 கிலோமீட்டர். கேப்புக்குக் கொறைஞ்சது ரெண்டு தடவ போகணும். தீப்பெட்டி ஆபீஸ்ல லீவு போட்டுட்டு எந்தப் பெரியம்மா போவாங்க?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கேன்னு கேப்பீங்க. நல்ல திட்டம். எங்க தெருவுலயே நாலு பேருக்கு உசுரு குடுத்திருக்கு. ஆனா அது ஆஸ்பத்திரியில சேத்துப் பண்ற பெரிய சிகிச்சைகள மனசுல வச்சு செஞ்சது. பல் வைத்தியம் நடந்து போய் ஒக்காந்து எந்திரிச்சு வர்ற வைத்தியம். அங்கதான் ஓட்டை.

"கேன்சருக்கே காசு பத்தல, இதுல கேப்பு கேக்குதா?"ன்னு பின்னூட்டத்துல ஒருத்தர் வருவாருன்னு தெரியும். அவருக்கு முன்கூட்டியே பதில். கேரளாவுல மந்தஹாசம்னு ஒரு திட்டம் இருக்கு, வறுமைக்கோட்டுக்குக் கீழ உள்ள 60 வயசு தாண்டுனவங்களுக்கு இலவசப் பல் செட்டு. கர்நாடகாவுல தந்த பாக்யன்னு அதே மாதிரி கொண்டு வந்தாங்க. ரெண்டும் கழட்டி மாட்டுற செட்டுதான், கேப்பு இல்ல. ஆனா "பல்லு இல்லாதவனுக்குப் பல்லு குடுக்கறது அரசாங்க வேலை"ங்கிற கொள்கைய ஒத்துக்கிட்டாங்கல்ல? அதான் பெருசு. இங்கிலாந்துல இலவச வைத்தியத்தக் கட்டியெழுப்புன அனைரின் பெவன், 1951ல பல் செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் காசு வாங்கப் போறோம்னு சொன்னதும் மந்திரி பதவியத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாரு. பல்லுக்காக ஒரு மந்திரி ராஜினாமா! உலக சுகாதார நிறுவனத்தோட 2022 அறிக்கைப்படி உலகத்துல சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய் ஏதாவது ஒண்ணு இருக்கு. இத்தன பேருக்கு இருக்குற நோய "அழகு"ன்னு ஒதுக்க முடியாது.

நான் கேக்குறதும் ஜிர்கோனியா இல்ல. கோவில்பட்டி மாதிரி மாவட்டத் தலைமை மருத்துவமனையில ஒரு சின்ன லேப். வேர் சிகிச்சை பண்ணுன கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் ஒரு லோகக் கேப், இலவசமாவோ கொறைஞ்ச கட்டணத்துலயோ. இது ஒண்ணு நடந்தாலே புடுங்குற பல்லுல எத்தனையோ தப்பிச்சுக்கும்.

அழகுன்னே வச்சுக்கிட்டாலும்...

அழகுக்காகக் கேப் கேக்குறவங்களையும் நான் கேலி பண்ண மாட்டேன். எங்க தெக்குச் சீமையில கடையம் பக்கம் சில ஊருல நெலத்தடித் தண்ணியில ப்ளூரைடு அதிகம்னு ஆய்வுகள் வந்திருக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி கதை எல்லாருக்கும் தெரியும். அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்து 2013ல தொறந்தாங்க. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அதுக்கு மேல உள்ள தண்ணியக் கொழந்தையில குடிச்சு வளந்தா, பல்லு மொளைக்கும்போதே பழுப்பும் வரியுமா மொளைக்கும். "பல்லு வெளக்க மாட்டியா?"ன்னு பள்ளிக்கூடத்துலருந்து பொண்ணு பாக்குற வீடு வரைக்கும் கேப்பாங்க. அந்தப் பிள்ளை பண்ணுன தப்பு, ஊரு போர்த் தண்ணியக் குடிச்சது. அது சிரிக்க ஆசைப்பட்டா அத ஆடம்பரம்னு சொல்ல எனக்கு மனசு வரல.

ஒண்ணு மட்டும். கறைக்குன்னு சின்ன வயசுல முன்பல்லு ஆறையும் செதுக்கிக் கேப் போட்டுறாதீங்க. லேசான கறைக்கு மேலாப்ல தேய்ச்சு எடுக்குற முறை, வெளுக்குற முறைன்னு செதுக்காத வழி இருக்கு. மொதல்ல அதக் கேளுங்க.

போறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

1. "இந்தப் பல்லக் காப்பாத்த முடியுமா?" புடுங்குறதுக்கு முன்னாடி கட்டாயம் கேளுங்க. வேர் நல்லா இருந்தா வழி இருக்கலாம்.

2. "எந்தப் பொருள்ல கேப்? இந்தப் பல்லுக்கு அது ஏன்?" லோகம் போதுமான்னு நீங்களே கேளுங்க. வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

3. "பாலத்துக்கு எத்தன நல்ல பல்லச் செதுக்கணும்? செதுக்காம வேற வழி உண்டா?"

4. "இந்தக் காலி எடத்த நெரப்பித்தான் ஆகணுமா?" எல்லா ஓட்டையும் அடைக்கணும்னு இல்ல. கடைசிக் கடைவாய்ப் பல்லு சிலது இல்லாமலே பலரும் நல்லா மெல்லுறாங்கன்னு நெதர்லாந்துல கேசர்ங்கிறவர் 1981லயே எழுதியிருக்காரு. எந்தப் பல்லு போச்சுங்கறதப் பொறுத்தது.

5. பாலம் போட்டா அந்தப் போலிப் பல்லுக்கு அடியில சுத்தம் பண்றது எப்படின்னு கத்துக்கிட்டு வாங்க. கேப்புக்கு சொத்தை வராது, அதுக்குள்ள இருக்குற பல்லுக்கு வரும். நல்லாப் பாத்துக்கிட்டா பத்துப் பதினஞ்சு வருசம், அதுக்கு மேலயும் ஓடும்.

அப்புறம், "ஒரே நாள்ல ஒட்டித் தர்றேன்"னு பிளாஸ்டிக் மாவக் கொழைச்சு பக்கத்துப் பல்லோட சேத்து அப்பி விடுற ஆளுங்க திருவிழாக் கடையோரம் இன்னமும் இருக்காங்க. அது கழலவும் கழலாது, சுத்தமும் பண்ண முடியாது. தாங்குற ரெண்டு பல்லையும் சேத்துக் கொண்டு போயிரும். காசு கம்மியா ஆகணும்னா அதுக்கு வேற வழி இருக்கு. மதுரையிலயும், நாகர்கோவில் போற வழியில காவல்கிணறுலயும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. பொதுவா கல்லூரிகள்ல கிளினிக்க விடக் கொறைஞ்ச செலவுல, ஆசிரியர் மேற்பார்வையில மாணவர்கள் செய்வாங்க. நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்.

கடைசியா, வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா ஒரு வேலை பண்ணுங்க. ஆறு வயசுல, பால்பல்லு எதுவும் விழாமலே, அதுகளுக்குப் பின்னாடி புதுசா ஒரு கடைவாய்ப் பல்லு மொளைக்கும். அது பால்பல்லு இல்ல, சாகுற வரைக்கும் இருக்க வேண்டிய பல்லு. "விழுந்து மொளைக்கிறதுதான"ன்னு விட்டுருவாங்க, பத்து வயசுக்குள்ள சொத்தையாயிரும். இன்னைக்கு ராத்திரி டார்ச் அடிச்சு அந்தப் பல்லப் பாருங்க. குழியில கருப்பா ஏதாச்சும் தெரிஞ்சா இப்பவே போய் அடைச்சுட்டு வந்துருங்க. சில நூறு ரூபாயில முடியும். விட்டா வேர் சிகிச்சை, கேப், பாலம்னு நான் மேல எழுதுன மொத்தப் பதிவும் அந்தப் பிள்ளை வாயில நடக்கும்.

உங்க ஊரு அரசு ஆஸ்பத்திரியில கேப் போடுறாங்களா? எவ்வளவு ஆச்சு, எத்தன தடவ வரச் சொன்னாங்க? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல ஊரு பேரோட எழுதுங்க. கிளினிக் பேரு, டாக்டர் பேரு வேண்டாம். பத்து ஊரு தகவல் சேந்தா அதத் தொகுத்து மாவட்ட ஆட்சியர் மனு நாள்ல ஒரு காகிதமாக் குடுக்கலாம்னு இருக்கேன். சொத்தப் பல்லு மாதிரி உள்ளயே வச்சுப் பொலம்புறதுக்கு, இது தேவலைதானே?